இடது பக்கம் சாஞ்ச பியட்டு

சமயநல்லூர் ரயில்வே கேட்டுல வெள்ளரிப்பிஞ்சு விக்கிற காசிமாயன், கேட்டு மூடி வண்டிக வரிசையா நின்னுட்டா ஒரு வண்டி விடமாட்டான். ஒவ்வொரு ஜன்னல்லயும் கூடைய முட்டுவான். லாரிக்காரன் வஞ்சாலும் சரி, கண்டக்டரு வெரட்டுனாலும் சரி, அசர்ற ஆளில்ல. ஆனா ஒரே ஒரு காரு வந்து நின்னா மட்டும் செருப்பக் கழட்டி ஓரமா விட்டுட்டு, கூடைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு தள்ளி நின்னுக்கிருவான். சாம்பக் கலர் பழைய பியட்டு அது. ஓட்டுறவரு ஆரோக்கியநாதன், மதுரையில ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல கிளார்க்கு.

"ஏன்டா, அந்தக் காருக்கு மட்டும் என்ன இம்புட்டு மரியாதை?"ன்னு கேட்டா, "பின்னாடி அம்மா உக்காந்திருக்காகல்ல"ம்பான், கொரலத் தாழ்த்தி.

எட்டிப் பாத்தா பின் சீட்டுல ஒரு ஈ இருக்காது. ஆனா வண்டி என்னமோ பின்பக்கம் இடது ஓரத்துல நல்லாத் தணிஞ்சு, வாட்டசாட்டமான ஒரு பொம்பள ஏறி உக்காந்த மாதிரியேதேன் நிக்கும்.

பேச்சு இதுதேன்: கிளார்க்கோட சம்சாரம் ஜோசபின் செத்துப்போச்சு. வைகையில விழுந்துச்சுங்கிறான் ஒருத்தன், அரளி வெதைய அரைச்சுக் குடிச்சுச்சுங்கிறான் இன்னொருத்தன். செத்த வெவரத்துல ஆளுக்கு ஒரு கதை இருந்தாலும், உக்காந்திருக்குற எடத்துல மட்டும் எல்லாரும் ஒரே பேச்சு. பின் சீட்டு, இடது பக்கம், ஜன்னலோரம். உசுரோட இருக்கையில தெனம் உக்காந்து போன அதே எடம். பரவைப் பக்கம் அந்தம்மா ஜன்னல்ல தலையச் சாச்சுத் தூங்குறதப் பாத்தேன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ண ஆளு இருக்கு. போன அமாவாசைக்குப் பள்ளிக்கூடத்து வாசல்ல எவனோ பின் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சிட்டான். அவரு பாக்காம ஏத்தி நசுக்கிட்டு, டயருல புளிப்பு ஒட்டுனா ரப்பரு கெட்டுருமேன்னு துணியால தொடச்சுக்கிட்டிருந்தாரு.

நான் அந்தக் காருல முன் சீட்டுல தெனம் போறவன். சோழவந்தான்ல வெத்தலைத் தரகு. அவரு வீடும் எங்க தெருதேன். காளைன்னா தெரியும். ஆறாப்புக்கு மேல எனக்குப் படிப்பு ஏறல. ஆனா அடுத்த வீட்டுச் சமாச்சாரம் ஒண்ணு விடாம ஏறும். அதனால உள்ளத உள்ளபடி சொல்றேன், கேளுங்க.

ஆரோக்கியநாதன் ஆளு முருங்கக்காய்க்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பாரு. சட்டைப் பையில ஒரு பேனா. ரெண்டாவது பேனா வச்சுக்கிற மாட்டாரு. கேட்டா, "வெயிட்டுடா"ம்பாரு. அவரு வாயில அதிகமா பொழங்குற வார்த்தை அதுதேன். ஏசுவக் கூட அம்புட்டுத் தடவ கூப்பிட்டிருக்க மாட்டாரு.

"காளை, பெட்ரோலைக் குடிக்கிறது இஞ்சின்னு நெனைக்கிற. அது இல்ல. வெயிட்டுதேன் குடிக்குது."

வண்டிய அவரு வாங்குனது ரிட்டயராகிப் போன ஒரு டாக்டருகிட்ட. "இம்புட்டுக் கொஞ்சமாக் குடிக்கிற காரு மதுரை ஜில்லாவுலயே கெடையாது"ன்னு டாக்டரு சொன்னாராம். அந்தச் சொல்லுதேன் இவரு தலையில ஏறி உக்காந்துக்கிருச்சு. மத்தவன் காரு வாங்குனா மாலை போடுவான், பொட்டு வப்பான். இவரு வாங்கின மறுநா ஸ்டெப்னி டயரக் கழட்டி வீட்டுக் கட்டிலுக்கு அடியில போட்டாரு. நடுரோட்டுல பஞ்சராச்சுன்னா என்ன பண்ணுவீகன்னேன். "என்னைக்கோ ஒருநா ஆகுற பஞ்சருக்காக தெனம் அதச் சொமக்கணுமா?"ன்னாரு. சாம்பக் கிண்ணம், கால்மிதி, பின்னாடி கண்ணாடிக்கிட்ட வச்சிருந்த குஷன் எல்லாம் போச்சு. டேஷ்போர்டுல மாதா சுரூபம் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. அது பிளாஸ்டிக்குங்கிறதால தப்பிச்சிருச்சு.

வெத்தலைக் கட்டு வாடாம இருக்கத் தண்ணி தெளிச்சுத்தேன் எடுத்துட்டுப் போவோம். நான் கூடையோட ஏறப்போனா ஒதறச் சொல்லுவாரு. "வெத்தலை கொண்டா, வேணாங்கல. தண்ணியக் கொண்டாராத." ரோட்டோரம் நின்னு நான் வெத்தலைய ஒதறிக்கிட்டு நிக்கிறதப் பாத்துப் போற வாற சனம் சிரிக்கும். சிரிச்சா எனக்கென்ன, பஸ்ஸுல கூடைக்கு எடம் குடுக்க மாட்டானே.

எறக்கம் வந்தா இஞ்சின அமத்திருவாரு. கேட்டு மூடியிருக்குறது தூரத்துல தெரிஞ்சாலே அமத்திருவாரு. வண்டி மூச்சுப் பேச்சில்லாம உருண்டு வந்து நிக்கும். சத்தமில்லாம ஒரு காரு வந்து பக்கத்துல நின்னா, காசிமாயன் மாதிரி ஆளு பேயின்னு நம்பாம என்ன பண்ணுவான்?

இப்படி எட்டு வருசம் ஓட்டுனதுல வண்டிக்கு ஒரு கேடு வந்துச்சு. பின் சக்கரத்துக்கு மேல வில்லு கணக்கா வளைஞ்ச இரும்புப் பட்டைக ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சுக் கட்டியிருக்கும். பள்ளம் மேட்டுல குலுங்காமத் தாங்குறது அதுதேன். டாக்டரும் தனியாவே ஓட்டுனவரு, இவரும் நான் ஏற ஆரம்பிக்கிற வரைக்கும் தனியாவே ஓட்டுனவரு. கனம் பூராவும் டிரைவர் பக்கமே விழுந்து விழுந்து, வலது பக்கப் பட்டை வளைவு செத்து, பலகையா நிமிந்துருச்சு. வண்டி வலது பக்கம் தணிஞ்சுபோச்சு. பள்ளத்துல எறங்குனா டயரு மட்கார்டுல ஒரசி 'கர்ர்'ருங்கும். ஒரசுனா டயரு தேயும், இழுவை கூடும், பெட்ரோலு கூடப் போகும்.

அதுதேன் அவரால தாங்க முடியல. முதுகு போனா அவருக்குக் கவலையில்ல.

பட்டறையில விட்டா ஒரு பகல் வேலை. அவரு விடல. வேற ஒரு யோசனை பண்ணுனாரு.

ஜோசபின் மதினிய அவரு கட்டி வந்து அப்பவே இருவது வருசத்துக்கு மேல இருக்கும். புள்ளகுட்டி இல்ல. ஞாயித்துக்கெழமை கோயிலுக்குக் கூட்டிப் போறதோட சரி, அதுவும் நடைதேன். கார் வாங்குனதுக்கப்பறமும் அதே நடைதேன். ரெண்டு பேருக்கும் சண்டை கெடையாது. சண்டை போடவும் ரெண்டு வார்த்தை பேசணுமே.

அப்படிப்பட்ட மனுசன் ஒருநா சாப்புட்டுக் கை கழுவிக்கிட்டே, "நாளையிலருந்து நீயும் எங்கூட டவுனுக்கு வா. தனியா கெடந்து என்ன பண்ணப்போற"ன்னுட்டாரு.

மதினி அன்னைக்கித் தூங்கியிருக்காது. விடியுறதுக்குள்ள தெருவுல பாதிப் பேருக்குச் சேதி தெரிஞ்சிருச்சு. காலையில பாத்தா பெட்டியில மடிச்சு வச்ச வாயில் சேலை, மொகத்துல பவுடரு, கையில தோல் பை, தலையில கனகாம்பரம். பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி நிக்கிற மாதிரி காருக்கிட்ட வந்து நின்னுச்சு. அவரு கைக்குட்டையால பின் சீட்டத் தட்டிவிட்டு இடது பக்கக் கதவத் தொறந்துவிட்டாரு.

"முன்னாடி உக்காரட்டுமாங்க?"ன்னுச்சு மதினி.

"வேணாம். முன்னாடி உக்காந்தா வெயிலு மூஞ்சியில அடிக்கும்."

அம்புட்டுத்தேன் சொன்னாரு. மதினி அத வச்சு ரெண்டு வருசம் பொழைச்சுச்சு. குழாயடியில, கோயில்ல, ரேசன் கடையில, எங்க பாத்தாலும் அதே பேச்சு. "எம்மேல வெயிலு படக்கூடாதாம்ப்பா அவுகளுக்கு. முன்னாடி உக்கார விடமாட்டேங்குறாக." எங்க வீட்டுல முத்துத்தாய் சோத்துத் தட்ட என் முன்னாடி 'ணங்'குன்னு வச்சுட்டுச் சொன்னா: "கெட்டிக்கிட்டவள வெயிலு படாமக் கொண்டுபோற மனுசனும் இந்தூருலதேன் இருக்காரு. வெத்தலைக்குத் தண்ணி தெளிச்சு ஈரத்துணி போத்துற ஆளும் இந்தூருலதேன் இருக்காரு."

அவரு பள்ளிக்கூடம் போறப்ப மதினிய கன்னியாஸ்திரீக நடத்துற ஒரு ஆஸ்டல்ல எறக்கி விட்டுருவாரு. அங்க சமையக்கட்டுல அரிசியில கல்லு பொறுக்கிக் குடுத்துக்கிட்டு, நாலு பேருகூடப் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்கும். சாயந்தரம் திரும்பக் கூட்டியாருவாரு. வாரத்துக்கு ஒருநா அல்வாப் பொட்டலம் வேற.

"தின்னு. ஒடம்பத் தேத்து. காத்தடிச்சாப் பறந்துருவ போல"ம்பாரு.

மதினியும் தின்னுச்சு. வத்தலா இருந்த ஒடம்பு நெறஞ்சு, மொகம் பளபளன்னு ஆயிருச்சு. ஒவ்வொரு நா காலையிலயும் மதினி ஏறி உக்காந்ததும் அவரு வண்டிக்குப் பின்னாடி போயி, ஒரு கண்ண மூடி, இந்த மட்கார்டு அந்த மட்கார்டுன்னு மட்டம் பாப்பாரு. சரியா இருந்துச்சுன்னா ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாருங்க, அப்படி ஒரு சிரிப்ப அந்த மூஞ்சியில வேற எப்பவும் நான் கண்டதில்ல. மதினி தலையத் திருப்பி பின் கண்ணாடி வழியா அந்தச் சிரிப்பப் பாத்துட்டு, முந்தானையச் சரிபண்ணிக்கிரும்.

எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். என் கூடையையும் முன்னாடி இடது கால்கிட்டத்தேன் வைக்கச் சொல்லுவாரு. வலது பக்கம் ஒரு இஞ்சு நகந்தாலும் வைவாரு. ஆனா சந்தேகத்த வாயத் தொறந்து சொல்றவன் தரகுல பொழைக்க முடியுமா?

ஒரு சனிக்கெழமை. அரை நாள் பள்ளிக்கூடம். வெயிலு நல்லா ஏறுன நேரம். விளாங்குடிகிட்டத் திரும்பி வாரோம், ஒரு பள்ளத்துல எறங்குச்சு வண்டி. 'டக்'குன்னு சத்தம். வலது பக்கப் பட்டை ஒடஞ்சே போச்சு. வண்டி நொண்டிக்கிட்டு ரோட்டோரம் போயி நின்னுச்சு. நல்ல வேளை, கூப்புடு தூரத்துல முத்திருளன் பட்டறை. லாரிக்கும் காருக்கும் பட்டை அடிச்சுக் குடுக்குறவன். வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ஆனா வேலை சுத்தம். அஞ்சாறு பேரு சேந்து தள்ளிக்கிட்டுப் போயி விட்டோம். மதினி எறங்கி, வேப்பமரத்தடியில கவுத்துப் போட்டிருந்த பழைய டயருல கைக்குட்டைய விரிச்சு உக்காந்துச்சு.

முத்திருளன் ஜாக்கி வச்சுத் தூக்கி, கட்டப் பிரிச்சான். பட்டைய ஒவ்வொண்ணாக் கழட்டி மண்ணுல வரிசையாப் போட்டான். ஒடஞ்சதத் தூக்கி வீசிட்டு, மத்ததக் கையில எடுத்துப் பாத்தான்.

"வலது பக்கம் என்னைக்கோ செத்துப்போச்சுங்கய்யா. வேற பட்டை சேத்து, மத்ததக் காய்ச்சி வளைச்சுத் தாரேன். ஆனா இடது பக்கமும் பாதி உசுருலதேன் கெடக்கு. ரெண்டையும் சோடியாத்தேன் செய்யணும். ஒண்ணுல மட்டும் செஞ்சா, நாளைக்கு வண்டி அங்கிட்டுச் சாயும்."

"இடது பக்கத்துக்கு என்ன கேடு? அது நல்லாத்தான இருந்துச்சு?"ன்னாரு இவரு.

"நீங்க வலது பக்கம் உக்காந்து ஓட்டுறீக, வலது பக்கம் போச்சு. சரி. பாரம் ஏத்தாத வீட்டுக் காருல இடது பக்கமும் எப்படிப் போகும்? இம்புட்டு நாளு வண்டி வலது பக்கம் சாஞ்சுல்ல நின்னிருக்கணும், எப்படித்தேன் ஓட்டுனீக?"

இந்த எடத்துல அந்த மனுசன் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா வித்தை காட்ட ஆசை வந்துருச்சு. பட்டறையில நாலு லாரி டிரைவருக வேற நிக்கிறாக. சுத்தியல் சத்தம் நின்னுருச்சு, எல்லாரும் இவரு மூஞ்சியப் பாக்குறாக. காலருல கைக்குட்டையச் செருகிக்கிட்டு, இடுப்புல கை வச்சுக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"ரெண்டு வருசம் பட்டறைப் பக்கமே வரல தெரியுமா? மட்டமாவே ஓட்டுனேன். எப்படிங்கிற? அந்தா உக்காந்திருக்கா பாரு, அவள இடது பக்கம் பின்னாடி உக்கார வச்சேன். வண்டி நிமிந்துருச்சு. மொதல்ல கொஞ்சம் வெயிட்டுப் பத்தல. அல்வா வாங்கிக் குடுத்துச் சரிக்கட்டுனேன்."

பட்டறையே சிரிச்சுச்சு. முத்திருளன் கையில இருந்த பட்டையக் கீழ போட்டுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டான். "ஐயா, நம்ம பட்டறையில தேய்ஞ்ச பட்டைக்கு இனி நெருப்பு எதுக்கு? ஆளுக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு பொட்டலம் அல்வா!" ஒரு லாரி டிரைவரு, "எங்க லாரிக்கு எத்தனை கட்டணும்ண்ணே?"ன்னான். இவரும் கூடச் சேந்து சிரிக்கிறாரு. வாழ்க்கையில மொத மொத நாலு ஆம்பளைக தன் பேச்சுக்குச் சிரிக்கிறாங்கங்கிற சந்தோசம் அவருக்கு.

மதினி எந்திரிச்சு வந்துச்சு. அழுகல. சத்தமும் போடல. அவருக்கு முன்னாடி வந்து நின்னு கேட்டுச்சு:

"அப்ப வெயிலு?"

"எந்த வெயிலு?"ன்னாரு அவரு.

நெசமாவே அவருக்கு ஞாவகம் இல்ல. அதுதேன் கொடுமை. ஞாவகம் இருந்து ஒரு பொய்யச் சொல்லியிருந்தாக் கூட மதினி அத வாங்கி முந்தானையில முடிஞ்சிருக்கும். சிரிச்சுக்கிட்டிருந்தவங்க ஒவ்வொருத்தராச் சிரிப்ப நிப்பாட்டுனாங்க. மதினி தோல் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, ரோட்டத் தாண்டி எதிர்ப் பக்கம் போயி நின்னுச்சு. பஸ்ஸு வந்துச்சு. ஏறிப் போயிருச்சு. டயரு மேல விரிச்ச கைக்குட்டை அங்கனயே கெடந்துச்சு.

"போகட்டும், வீட்டுக்குத்தான போறா"ன்னாரு இவரு. முத்திருளன் மறுபடியும், "அப்ப இடது பக்கம்?"ன்னு கேட்டான். "வலது பக்கம் மட்டும் செய்யி. இடது பக்கத்துக்கு இப்ப என்ன அவசரம்"னுட்டாரு. அவனும் செஞ்சு குடுத்துட்டான். ஒலையில காய்ச்சி, வளைச்சு, எண்ணெயில முக்கி, புதுசா ஒரு பட்டை சேத்து இறுக்கி. வலது பக்கம் விடலைப்பய கணக்கா நிமிந்து நின்னுச்சு. முத்திருளன் சொன்ன மாதிரியே இடது பக்கம் தணிஞ்சுபோச்சு. மதினி உக்காந்து உக்காந்து பாதியாப் போன பட்டையில்லையா அது? ஆளில்லாமலே ஆளு உக்காந்த மாதிரி நிக்குது இப்ப.

திங்கக்கெழமை காலையில அவரு வழக்கம் போல இடது பக்கக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னாரு. மதினி வீட்டப் பூட்டிச் சாவியக் காருக் கூரை மேல வச்சுட்டு, பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்துச்சு. ஆஸ்டல்ல சும்மா கல்லு பொறுக்கிக்கிட்டிருந்த மதினி, இப்ப அங்கயே சமையக்கட்டுக்கு மேஸ்திரி. சம்பளத்துக்கு வேலை. சொந்தச் சம்பளத்துல சொந்த டிக்கெட்டு. வீட்டுல சோறு பொங்குது, அவருக்குப் போடுது, சட்டையத் தொவைக்குது. பேச்சு மட்டும் கெடையாது. காருல ஏறுறதும் கெடையாது.

ரோட்டோரத்துச் சனத்துக்கு இது எங்க தெரியும்? ரெண்டு வருசமா தெனம் ஜன்னலோரம் பூ வச்சுக்கிட்டுப் போன பொம்பளயத் திடீர்னு காணோம். பஸ்ஸுக் கூட்டத்துல நின்னுக்கிட்டுப் போற பொம்பளய யாரு உத்துப் பாக்குறா? காரு மட்டும் அந்தம்மா இருந்த எடத்துல தணிஞ்சு, சத்தமில்லாம வந்து நிக்குது. பேய்க் கதைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

கொஞ்ச நா போனதும் அவருக்கு உள்ளுக்குள்ள என்னமோ அரிக்க ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல, "ரெண்டு நாள்ல வந்துருவா"ன்னாரு. பெறகு அதுவும் சொல்றதில்ல. ஒருநா தேனூர் பக்கம் போறப்ப, ஸ்டியரிங்கப் பாத்துக்கிட்டே சொன்னாரு:

"காளை, நீ மதினிகிட்டப் பேசுற ஆளு. ஒரு வார்த்தை சொல்றியா?"

"சொல்லுங்கண்ணே."

"இப்ப வண்டி இடது பக்கந்தான் சாயுது. இப்ப அவ ஏறுனா இன்னுந்தான் சாயும். டயரு ஒரசும். பெட்ரோலு கூடப் போகும். வண்டிக்கு அவ ஏறுறது கெடுதல். கெடுதல்னாலும் பரவாயில்ல, ஏறட்டும்னு சொல்லு. அதுக்குத்தான் இடது பக்கத்தச் சரிபண்ணாம வச்சிருக்கேன்னு சொல்லு."

எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. வெளங்குனப்பறம் சிரிப்பு வந்துச்சு, வெத்தலைய அடுக்குற மாதிரி கூடையப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டேன். அந்த மனுசன் வாழ்நாள்ல பொண்டாட்டிக்குச் சொன்ன ஆசை வார்த்தை அதுதேன். அதுவும் தரகன் கையில குடுத்து அனுப்புறாரு.

கொண்டு போயிச் சொன்னேன். மதினி கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டிருந்துச்சு. அவரு சட்டையத்தேன். நான் சொன்ன சொல்லு மாறாமச் சொன்னேன். ஒதறுன சட்டையக் கொடியில போட்டுட்டு, அதோட ரெண்டு தோளையும் இழுத்து மட்டமா விட்டுச்சு. அப்பறமாக் கேட்டுச்சு.

"அவருக்கு அந்த வண்டியத் தவிர வேற ஒரு பேச்சே வராதா காளை?"

"அவரு வகையில இது பெரிய பேச்சு மதினி."

"இருக்கும். என் வகைக்கு அது பத்தல."

இத நான் அவருகிட்டச் சொன்னப்ப, கேட்டுல வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. ரயிலு போயி, கேட்டு தொறந்து, பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக் கெட்ட வார்த்தை சொன்ன பெறகுதேன் எடுத்தாரு.

அதுக்கப்பறம் புதுசா ஒரு பழக்கம் வந்துச்சு அவருக்கு. காலையில மதினி நடந்து போனா, இவரு கொஞ்சம் எடம் விட்டுப் பின்னாடியே காருல போவாரு. பஸ் ஸ்டாண்டுல அந்தப் பக்கம் புளியமரத்துக்கிட்ட நிப்பாட்டுவாரு. எறங்கிப் போயி இடது பக்கக் கதவத் தொறந்து வச்சுட்டு வந்து உக்காந்துக்கிருவாரு. கூப்புட மாட்டாரு, ஹாரனும் அடிக்க மாட்டாரு. ஆனா இஞ்சின அமத்த மாட்டாரு. எறக்கத்துல அமத்துற மனுசன், கேட்டுல அமத்துற மனுசன், வெத்தலையில தண்ணி ஒட்டியிருந்தா ஒதறச் சொல்ற மனுசன், பஸ்ஸு வந்து மதினி ஏறிப் போற வரைக்கும் வண்டிய ஓடவிட்டுக்கிட்டே நிப்பாரு. பஸ்ஸு சில நா லேட்டா வரும். பெட்ரோலு எரியுற வாடை மூக்குல ஏறும். நான் சும்மா இருக்க மாட்டாம, "அண்ணே, அமத்திட்டு நிக்கலாமே"ன்னு ஒருநா சொல்லிட்டேன். இஞ்சின் ஓடிக்கிட்டேதேன் இருந்துச்சு.

முத்திருளன் ரோட்டுல பாக்குறப்பல்லாம், "ஐயா, இடது பக்கத்தையும் கொண்டாங்க, அசிங்கமா இருக்கு, எம் பேருல்ல கெடுது"ன்னு கத்துவான். இவரு கையக் காட்டிட்டுப் போயிருவாரு.

போன வாரம் நடந்ததையும் சொல்லிருறேன். சிவனாண்டின்னு ஒரு கோடாங்கி, எழுமலைப் பக்கத்து ஆளு. உடுக்கை அடிச்சுப் பேயோட்டுறவன். சோழவந்தானுக்கு ஏதோ சாமி காரியமா வந்தவன் காதுல ரயில்வே கேட்டுப் பேய்க் கதை விழுந்திருக்கு. காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். தோள்ல உடுக்கை, நெத்தி நெறைய துண்ணூறு, கையில எலுமிச்சம்பழம். பின்னாடி வேடிக்கை பாக்க ஒரு கூட்டம். கதவு தொறந்து கெடக்குற காரையும், அது சாஞ்சு நிக்கிறதையும், ஆளில்லாத சீட்டையும் ஒரு சுத்து சுத்திப் பாத்தான். தலைய ஆட்டிக்கிட்டான். டிரைவர் பக்கம் குனிஞ்சான்.

"ஐயா, தப்பா நெனைக்காதீக. நீங்க வேற வேதம், தெரியும். ஆனா பேய்க்கு வேதமில்ல. செத்துப்போன அம்மா ஒங்க வண்டிய விட்டு எறங்க மாட்டேங்குது. ஒங்க மேல அம்புட்டுப் பாசம். ஒரே ஒரு எலுமிச்சம்பழம். நான் எறக்கிக் காட்டுறேன்."

கூட்டம் காரச் சுத்தி நெருக்கிருச்சு. நான் சீட்டுக்கடியில பூந்துக்கிருவமான்னு பாத்தேன். எதிர்ப் பக்கம் அப்பத்தேன் பஸ்ஸு வந்து நிக்குது. மதினி ஏறிப் போயி ஜன்னலோரம் உக்காருது. வெயிலு மூஞ்சியில அடிக்கிற பக்கம். கையால மறைக்கக்கூட இல்ல.

ஆரோக்கியநாதன் ஸ்டியரிங்குல இருந்து ஒரு கைய எடுத்து பஸ்ஸக் காட்டுனாரு.

"எவன்டா சொன்னான் அவ செத்துப்போயிட்டான்னு? அந்தா உக்காந்திருக்கா பாரு, எம் பொண்டாட்டி, உசுரோட. பாசமாம் பாசம். இந்த வண்டியில அவ இல்லய்யா. எறக்குறதுக்கு எனக்கு ஆளு வேணாம். ஏத்திவிடத் தெரிஞ்சா நில்லு, இல்லன்னா வழிய விடு."